கால் இறக்கும் பெஞ்சு

கடலுக்குள் இறங்கப் போடுகிற, நேற்றைய ஈரம் காயாத ரப்பர் சூட்டுக்குள் விடியற்காலையில் உடம்பை நுழைப்பது இருக்கிறதே, அதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். தொட்டால் சில்லிடும். தொடை வரைக்கும் ஏறும், அப்புறம் நகராது. பிடித்து இழுத்தால் நகக்கண் பிய்யும்.

"சவுக்காரத் தண்ணி எங்கடி போச்சு?"

"டீச்சர் கிட்ட இருக்கு."

"டீச்சரே, குளிக்கிறீங்களா, சூட்டு போடறீங்களா? எங்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

தகரக் கொட்டகைக்குள் ஒற்றைக் குண்டு பல்பு எரிந்தது. ஆறு பெண்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். குதித்தால்தான் சூட் இடுப்புக்கு ஏறும். ஒவ்வொரு குதிக்கும் தரைப் பலகை அதிர்ந்தது. ரப்பர் நாற்றமும் மீன் கவிச்சியும் சவுக்கார வாசனையும் ஒன்றாகக் கலந்து, வாயைத் திறந்தால் நாக்கில் ஒட்டும்.

நெட்டச்சிக்கு சூட் எப்போதும் பத்தாது. கம்பெனி வாங்குவது ஒரே அளவு. அவளுக்கு அது கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும். பொட்டலத்துக்கோ அதே சூட் முழங்காலில் மூன்று மடிப்பு விழும்.

"உனக்குப் பத்தாததை வெட்டி எனக்குத் தைச்சிருக்கான் பாரு," என்றாள் பொட்டலம்.

"நீ மடிச்சு வெச்சிருக்கறதை அவுத்து விடு, நான் போட்டுக்கறேன்," என்றாள் நெட்டச்சி.

பொட்டலம் என்ற பெயர் வந்ததற்குக் காரணம் அவள் காலில் இருந்தது. பிளாஸ்டிக் பையை இரண்டு பாதத்திலும் சுற்றிக்கொண்டுதான் பூட்ஸுக்குள் விடுவாள். கடையில் கட்டிக் கொடுத்த சாமான் மாதிரி இருக்கும்.

கரையிலிருந்து படகில் போகிற தூரத்தில், கடலில் வரிசையாகக் கூண்டுகள் மிதக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. வலையால் சுவர், வலையால் தரை. உள்ளே முதலாளியின் மீன். பாசியும் சிப்பியும் வலைக்கண்ணை அடைத்துக்கொண்டால் மீனுக்கு மூச்சு முட்டும். அதைச் சுரண்டித் தள்ளுவதும், அடியில் செத்துக் கிடக்கிற மீனைப் பொறுக்கிப் பையில் போடுவதும் இவர்கள் வேலை. வாயில் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு, குளிர்ந்த இருட்டுக்குள் இறங்க வேண்டும். ஆண்கள் செய்துகொண்டிருந்த வேலைதான். அவர்கள் கூலியை உயர்த்திக் கேட்டபோது கம்பெனி பெண்களைக் கூப்பிட்டது. மீனுக்கு மூச்சு முட்டக்கூடாது என்பதில் கம்பெனி ரொம்பக் கண்ணாக இருந்தது.

கொட்டகையின் நடுவில் இரண்டு நீளப் பெஞ்சுகள் எதிரெதிரே கிடந்தன. இப்போது அவற்றின் மேல் வாளியும் கந்தலும் கிடக்கின்றன. முன்பு அப்படியில்லை.

முன்பெல்லாம் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே உட்காருவார்கள். சூட்டின் கால் பகுதியைக் கெண்டைக்கால் வரை உள்வெளியாகச் சுருட்டிவிட்டு, பூட்ஸை மாட்டி ஜிப்பை இழுத்ததும், ஒருத்தி தன் காலை எதிரே இருப்பவளின் மடியில் வைப்பாள். அவள் சுருட்டியதை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தி, பூட்ஸின் வாய்க்கு மேலாகக் கீழே உருட்டி, சுருக்கமில்லாமல் வழித்துவிடுவாள். அப்புறம் காலும் பூட்ஸும் ஒரே தோல். தண்ணீர் உள்ளே பாய வழியில்லை. உள்ளே புகுந்த கொஞ்சம் தண்ணீரும் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். விரலை மடக்கலாம், நீட்டலாம், வலைத்தரையில் கால் வைத்தால் எந்தக் கயிறு என்று தெரியும். நெட்டச்சியின் குட்டைச் சூட்டைக்கூட இழுத்து இழுத்துப் பூட்ஸின் வாயைப் பிடிக்க வைத்துவிடலாம், இழுக்க இன்னொருத்தி இருந்தால். தன் காலுக்குத் தானே செய்துகொள்ள முடியாது. அந்தத் தடித்த ரப்பருக்குள் குனிந்தால் கை கணுக்காலுக்கு எட்டுவதே பாடு. எட்டினாலும் இழுத்து இறக்கப் பிடி கிடைக்காது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் கால் இறக்குதல்.

நெட்டச்சியின் காலை இறக்குகிறவள் சின்னவள், அவளுடைய ஓரகத்தி. அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே அடுப்பில் சமைக்கிற இரண்டு பேர். வீட்டில் ஒரு வாளிக்கும் ஒரு துடைப்பத்துக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். பேச்சில்லாத நாளில்கூட பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும் ஒருத்தி காலை நீட்டுவாள், மற்றவள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள்.

கம்பெனி புதுப் பூட்ஸ் வாங்கியது. மலிவு. தடித்த அடி, விறைப்பான வாய். அதன் மேல் சூட்டை இறக்கினால் சூட்டின் ஓரம் கிழிந்தது. ஒரு வாரத்தில் சூப்பர்வைசர் வந்து நின்றான். எந்நேரமும் வாயில் விசிலோடு திரிவதால் அவன் பெயரே விசில்.

"இனிமே சூட் உள்ள, பூட்ஸ் வெளிய. கிழிஞ்சா அவங்கவங்க கூலில பிடிப்போம்."

"பூட்ஸ் வெளிய இருந்தா வாய் வழியா தண்ணி ரொம்புமே சார்," என்றாள் டீச்சர். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் திருத்துவாள், அதனால் டீச்சர்.

"கடல்ல தண்ணி இல்லாம வேற என்ன இருக்கும்?" என்றான் விசில்.

அதோடு இன்னொன்றும் சொன்னான். உடுத்துகிற நேரம் இனி வேலை நேரம் இல்லை. கூலி கூண்டுக்கு இவ்வளவு. யார் முதலில் படகில் ஏறுகிறார்களோ அவர்களுக்கே பிடித்த கூண்டு. பாசி குறைந்த கூண்டு என்றால் சீக்கிரம் முடியும், இன்னொன்றிலும் இறங்கலாம். தூரத்துக் கூண்டு கிடைத்தவள் நாள் முழுக்கச் சுரண்டினாலும் ஒன்றே ஒன்றுதான்.

அன்றைக்குக் காலியான பெஞ்சுதான். எதிரே இருப்பவளின் காலை மடியில் வைத்துக்கொண்டிருந்தால் அந்த நேரத்தில் மூன்றாமவள் படகில் ஏறிவிடுகிறாள். கூட்டத்தில் தாயும் மகளுமாக இரண்டு பேர் இருந்தார்கள். ஒருநாள் மகள் தாயைத் தோளால் இடித்துக்கொண்டு படகில் தாவினாள். தாய் ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க மகளும் பேசவில்லை.

அப்புறம் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். பொட்டலத்துக்குப் பிளாஸ்டிக் பை. டீச்சருக்கு இரட்டைக் காலுறை. மகள் பூட்ஸின் நுனியில் ஓட்டை போட்டாள், புகுந்த தண்ணீர் வெளியே போகட்டும் என்று. போனது, புதுத் தண்ணீர் வந்தது. நெட்டச்சி பழைய சைக்கிள் டியூபைப் பட்டை பட்டையாக வெட்டி, பூட்ஸின் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் கொஞ்சம் குறைந்தது. கால் மரத்துப் போவது கூடியது. மேலே வந்து அவிழ்த்தால் கணுக்காலில் நீல வளையம் பதிந்திருக்கும். வெளியே யாரிடமும் அவள் காட்டவில்லை.

அன்று காலை சின்னவள்தான் கேட்டாள். முந்தின நாள் அடுப்புச் சண்டைக்குப் பிறகு அவள் வாயைத் திறந்து பேசிய முதல் பேச்சு அது.

"அக்கா, அந்தப் பட்டை ஒண்ணு குடேன். நேத்து ரெண்டு காலும் எங்கிட்டயே இல்ல. யாரோட காலையோ இரவல் வாங்கிட்டு நடந்த மாதிரி இருந்துச்சு."

"நேத்து பேச மாட்டேன்னே?"

"பட்டை கேட்டேன், பேசலையே."

நெட்டச்சிக்குச் சிரிப்பு வந்தது. பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்தாள். குனிந்து தானே கட்டிவிட்டிருக்கலாம். விசில் ஊதினான். படகு இஞ்சின் உறுமியது. டீச்சர் ஏற்கெனவே வாசலில் இருந்தாள்.

"இந்தா பிடி. இறுக்கிக் கட்டு," என்று பட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு நெட்டச்சி ஓடினாள்.

படகில் எல்லோருக்கும் பல் கிட்டியது. "கீழ போனதும் முத வேலை என்ன?" என்று பொட்டலம் கேட்டாள்.

"சூட்டுக்குள்ளயே சூடு பண்ணிக்கறது," என்று நாலைந்து குரல் சிரித்துக்கொண்டே ஒன்றாகச் சொல்லின. மூத்திரம் விட்டால் கொஞ்ச நேரத்துக்கு இடுப்பு வரை வெந்நீர். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு. மிதவை மேடையில் காற்று பம்பைப் பார்த்துக்கொள்கிற கிழவர், அவரை எல்லோரும் பம்பு அண்ணே என்பார்கள், கேட்காத மாதிரி குழாய்களைச் சுருள் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஆறு குழாயும் ஆறு பக்கம் போயின. ஒரு இழுப்பு இழுத்தால் நலம். இரண்டு இழுத்தால் தூக்கு. பம்பு அண்ணன் கையில் குழாய்களைப் பிடித்தபடி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வருவார், கீழே இருப்பவள் பதிலுக்கு இழுப்பாள்.

நெட்டச்சி பாதிச் சுவரைச் சுரண்டியிருப்பாள். தண்ணீரெல்லாம் பிய்ந்த பாசி, தன் கையே தனக்குத் தெரியவில்லை. அப்போது இரும்பில் இரும்பு அடிக்கிற ஓசை கேட்டது. மேடைத் தூணில் சுத்தியலால் அடித்தால் கடல் முழுக்கக் கேட்கும். எல்லோரும் மேலே வா என்று அர்த்தம்.

அவள் தலையை வெளியே நீட்டியதும் பம்பு அண்ணன் கத்தினார். "உன் ஓரகத்தி பதில் சொல்லலம்மா! இழுத்தா வர மாட்டேங்குது, எங்கியோ பிடிச்சிருக்கு!"

பக்கத்துக் கூண்டுதான். நெட்டச்சி விளிம்பைத் தாண்டிக் குதித்து, சின்னவளின் குழாயைப் பிடித்துக்கொண்டே கீழே போனாள். மீன்கள் மந்தையாக முகத்தில் மோதின. தரை வலையில் கை பட்டது. செத்த மீன் பை பட்டது. அப்புறம் முதுகு ஒன்று.

சின்னவள் ஒரு கால் மாட்டிக்கொண்டு சாய்ந்து கிடந்தாள். வாய் குழாயைக் கடித்திருந்தது, ஆனால் ஓரமாகக் குமிழி கசிந்தது. வலது பூட்ஸ் தண்ணீர் ரொம்பிப் பானை மாதிரி உப்பியிருந்தது. அவசரத்தில் கட்டிய பட்டையின் நீள நுனி இரண்டும் தரை வலைக்கண்ணில் நுழைந்து, அவள் திரும்பத் திரும்ப அது முறுக்கிச் சுற்றிக்கொண்டு, கால் வலையோடு தைத்த மாதிரி ஆகியிருந்தது. மரத்த காலுக்கு அது தெரியவேயில்லை. தெரிந்தபோது பயந்துபோய் உடம்பை முறுக்கியிருக்கிறாள்.

நெட்டச்சி கத்தியை எடுத்தாள். பட்டை பூட்ஸையும் சூட்டையும் அழுத்திப் புதைந்திருந்தது. அதற்கடியில் கத்தி நுழையவில்லை. அவள் வலையை அறுத்தாள். ஒரு கை அகலம், இரண்டு கை அகலம். அறுந்த வழியே முதலாளியின் மீன்கள் பளிச் பளிச்சென்று வெளியே போயின. கால் விடுபட்டதும் அவள் சின்னவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தாள்.

மேடையில் போட்டுக் கவிழ்த்தார்கள். பம்பு அண்ணன் முதுகைத் தட்டினார். கடல் வாய் வழியாக வந்தது, அதன் பிறகு ஒரு இருமல். பொட்டலம் "இருக்கா, இருக்கா" என்று அழுதாள். கணுக்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

"யாரு வலையை அறுத்தது?" என்று விசில் கேட்டான்.

பம்பு அண்ணன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

மதியம் முதலாளி கரைக்கு வந்தார். சின்னவளை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து, நெட்டச்சி சூட்டைப் பாதி உரித்து இடுப்பில் தொங்கவிட்டபடி துறைக் கல்லில் உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் பின்னால் நின்றார்கள். முதலாளி கத்துகிற ஆளில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகத்தான் பேசுவார்.

"எப்படிம்மா இருக்கா?"

"எலும்பு உடைஞ்சிருக்கு. விரலுக்கு உணர்வு வருமா வராதான்னு சொல்ல முடியாதுன்னுட்டாங்க."

"பாவம். சின்ன வயசு." கூண்டுகள் இருக்கிற பக்கம் பார்த்தார். "கூண்டுல பாதி மீனு போயிடுச்சு."

"ஆமா. நான்தான் அறுத்தேன்."

"அதை விடு. உன்னை ஒண்ணும் சொல்லல. நாளைக்குத் துறைமுக ஆபீசர் வருவார். என்ன நடந்துச்சுன்னு உன்னைத்தான் கேப்பார், நீதானே தூக்கினே. கம்பெனி கொடுக்காத பட்டையை அவளாக் கட்டிக்கிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடு. பொய் சொல்லச் சொல்லலியே? நடந்ததுதானே?"

நடந்ததுதான். பட்டை கம்பெனி கொடுத்ததில்லை. நெட்டச்சி தன் பையிலிருந்து எடுத்து எறிந்தது.

"சொன்னா அவளுக்கு என்ன ஆகும்?"

"அவ தப்புக்குக் கம்பெனி எப்படிம்மா பொறுப்பாகும்? வைத்தியம் அது இதுன்னா அவங்க வீட்டுலதான் பார்த்துக்கணும். ஆனா உனக்கு நான் செய்யறேன். ஆறு பேருக்கும் மேல ஒரு ஆளு வேணும்னு இருந்தேன். தண்ணிக்குள்ள இறங்க வேண்டாம். விசிலோட மேல நிக்கலாம்."

"அவளும் எங்க வீடுதாங்க."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். ஒரு வீட்டுல ஒருத்தராவது சம்பாதிக்கணுமில்ல?"

பின்னாலிருந்து டீச்சர் சொன்னாள், "பட்டை கட்டினது அவ ஒருத்தி மட்டும் இல்ல சார். நாங்க எல்லாரும் ஒவ்வொண்ணு பண்ணியிருக்கோம்." இரட்டைக் காலுறையை உருவிக் கல்லில் போட்டாள். சொத்தென்று விழுந்தது. பொட்டலம் ஈரப் பையைப் போட்டாள். மகள் ஓட்டைப் பூட்ஸைப் போட்டாள்.

முதலாளி அவற்றைப் பார்த்தார். "கம்பெனிப் பொருளை ஓட்டை போட்டிருக்கீங்க."

"சூட்டைப் பூட்ஸுக்கு மேல இறக்கி விட்டா இதெல்லாம் வேண்டாங்க," என்றாள் நெட்டச்சி. "முன்ன அப்படித்தானே போனோம்?"

"எனக்குத் தெரியாதாம்மா? நானும் கொஞ்ச காலம் தண்ணிக்குள்ள இறங்கினவன்தான். மேல இறக்கினா கால் நல்லாத்தான் இருக்கும். சூட்டு நல்லா இருக்காது. ஒரு சூட்டு என்ன விலைன்னு தெரியுமா?"

அவருக்குத் தெரிந்தே இருந்தது. நெட்டச்சி அதுவரை அவர் அறியாமல் செய்கிறார் என்று உள்ளுக்குள் நம்பியிருந்தாள். எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று ஒரு மூலையில் வைத்திருந்த நம்பிக்கை அந்தக் கல்லிலேயே செத்தது. அவள் எழுந்து நின்றாள். எழுந்தால் முதலாளியைவிட ஒரு பிடி உயரம்.

"ஆபீசர் கேட்டா சொல்றேங்க. பட்டை கட்டினோம்னு சொல்றேன். அது என் பட்டைன்னும் சொல்றேன். எதுக்குக் கட்டினோம்னு அவர் கேக்கலைன்னாலும் அதையும் சொல்றேன்."

"யோசிச்சுப் பேசு."

"அவ வைத்தியம் கம்பெனி பார்க்கணும். அவ இடம் அவளுக்கு இருக்கணும். பூட்ஸுக்கு மேல சூட்டை இறக்கிட்டுத்தான் இனிமே இறங்குவோம். இறக்கற நேரமும் வேலை நேரம்."

"இறங்குவோம்னா? யாரு யாரு?" என்று முதலாளி பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார். தாய் கீழே பார்த்தாள். பொட்டலம் மூக்கைச் சிந்தினாள்.

அவர் சிரித்தார். "நாளைக்குப் பக்கத்துத் துறையிலிருந்து வேற ஆளுங்க வருவாங்க. வேலை வேணும்கிறவங்க விசில் சத்தத்துக்குப் படகுல இருங்க. அவ்வளவுதான்."

ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டிலில் சின்னவளைக் கிடத்தியிருந்தார்கள். காலில் மாவுக்கட்டு, நுனியில் ஐந்து விரலும் வெளியே. நெட்டச்சி ஒவ்வொரு விரலாகக் கிள்ளினாள்.

"தெரியுதா?"

"இல்ல."

"இது?"

"இல்லக்கா. நீ கிள்றது கண்ணுக்குத்தான் தெரியுது."

நெட்டச்சி விரல்களைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள். "நான் குனிஞ்சு கட்டியிருக்கணும். தூக்கி எறிஞ்சிட்டு ஓடினேன். கிட்டக் கூண்டு வேணும்னு ஓடினேன்டி."

சின்னவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "கோவம் இல்லாம இல்ல. இருக்கு. ஆனா நீ எறிஞ்சப்ப நான் என்ன நினைச்சேன் தெரியுமா? அய்யோ, இவ எனக்கு முந்தி போயிடுவாளேன்னு நினைச்சேன். அந்த அவசரத்துலதான் முடிச்சு நீளமாப் போச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கால் சரியாகட்டும். எழுந்து வந்து உன் கூட சண்டை போடறேன்."

"வாளிக்கா, அடுப்புக்கா?"

"ரெண்டுக்கும்."

முதலாளி சொன்னதை நெட்டச்சி சொன்னாள். மேலே நிற்கிற வேலையையும் மறைக்கவில்லை. சின்னவள் முழுக்கக் காது கொடுத்துவிட்டுக் கேட்டாள், "நீ என்ன சொன்னே?"

"நம்ம பழைய வழக்கத்தைக் கேட்டேன். கேட்டது நான் மட்டும்தான். திரும்பிப் பார்த்தா மத்தவங்க தரையைப் பார்த்துட்டு நிக்கறாங்க."

"பயம்கா. எனக்கும்தான் இருந்திருக்கும்." தன் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு, "உன் காலை யாரு இறக்குவா?" என்றாள்.

நெட்டச்சி போர்வையை இழுத்து அந்த விரல்களை மூடினாள்.

அவள் வெளியே வந்தபோது இன்னும் வெயில் இருந்தது. ஆஸ்பத்திரிக் குழாயடியில் பொட்டலமும் டீச்சரும் நின்றார்கள். தாயும் மகளும் சற்றுத் தள்ளி, ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

"உள்ள விடமாட்டேன்னுட்டாங்க. எப்படி இருக்கா?"

"கிள்ளினா தெரியல."

அதைக் கேட்டதும் தாய் சட்டென்று வாயைத் திறந்தாள். அவள் அதிகம் பேசாதவள். "அன்னைக்கு இவ என்னை இடிச்சுட்டுப் படகுல ஏறினா. நான் ஒண்ணும் சொல்லல. ஏன் தெரியுமா? அதுக்கு முந்தின நாள் நான் இவளுக்கு முன்னாடி ஓடினேன். என் பொண்ணுக்கு முன்னாடி. ஓடி என்னத்தைக் கண்டேன்? நல்ல கூண்டு. மறுநாள் விசில் கூலியைக் குறைச்சான்."

மகள் தரையில் காலைத் தேய்த்தாள். "அம்மா, விடும்மா."

"விட மாட்டேன். முதலாளி யாரு யாருன்னு கேட்டப்ப நான் தலையைக் குனிஞ்சேன். என் வயசுக்கு அது அசிங்கம்."

"நாம இறங்கலைன்னா வேற ஆளுங்க இறங்குவாங்களே," என்றாள் பொட்டலம். "அவங்களுக்கும் வயிறு இருக்கில்ல? நம்மள மாதிரிதான் வந்து நிப்பாங்க."

"அவங்களுக்கும் கால் இருக்கு," என்றாள் டீச்சர்.

"நம்மளால எத்தனை நாளைக்குத் தாங்க முடியும்?"

"தெரியாது," என்றாள் நெட்டச்சி. "ஆனா கேட் வாசல்ல நிக்க வேண்டாம். கொட்டகைக்கே போவோம். சூட்டைப் போடுவோம். பெஞ்சுல உட்காருவோம். நாம வேலைக்கு வரலைன்னு அவன் சொல்ல முடியாது. கால் இறக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டோம், அவ்வளவுதான். முடிஞ்சதும் எல்லாரும் ஒண்ணா நடந்து போய் ஒண்ணாப் படகுல ஏறுவோம். முதல்ல ஏறினவன்னு யாரும் இருக்கக்கூடாது."

"தூரத்துக் கூண்டு?"

"முறை வெச்சுப்போம். நாளைக்கு அது எனக்கு."

பொட்டலம் மூக்கைச் சிந்தினாள். "அப்ப நான் நாளைக்குப் பை கொண்டு வர வேண்டாம்."

"பை இல்லாம உன்னை என்னன்னு கூப்பிடறது?" என்றாள் மகள். தாய் சிரித்தாள். மகள் அம்மா பக்கம் நகர்ந்து நின்றாள்.

விடிவதற்குள் எல்லோரும் வந்துவிட்டார்கள். வாளியையும் கந்தலையும் இறக்கிப் பெஞ்சைத் துடைத்தார்கள். சூட்டுகள் எப்போதும்போல ஈரம், எப்போதும்போல சில்லிப்பு. குதித்து ஏற்றினார்கள். அப்புறம் உட்கார்ந்தார்கள். பொட்டலத்தின் கால் டீச்சரின் மடியில். தாயின் கால் மகளின் மடியில்.

"மெதுவா இழு, கிழியப் போகுது."

"பூட்ஸ் வாய்ல சவுக்காரம் தடவிட்டேன், வழுக்கும். விரலை மடக்கு. நீட்டு. எப்படி?"

"நல்லாருக்கு டீச்சர். எவ்வளவு நாளாச்சு."

நெட்டச்சிக்கு எதிரே பெஞ்சு காலியாக இருந்தது. சுருட்டிய சூட்டும் மாட்டிய பூட்ஸுமாக அவள் காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவர்கள் முடித்துவிட்டு யாராவது வருவார்கள்தான். இருந்தாலும் அந்தக் காலி இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

விசில் சத்தம் கேட்டது. வாசலில் விசில் நின்றான். அவன் பின்னால் பக்கத்துத் துறையிலிருந்து வந்தவர்கள், ஆறு பெண்கள். சூட் உள்ளே, பூட்ஸ் வெளியே.

"என்ன இது? சொன்னது காதுல விழலையா? எந்திரிங்க!"

"இறக்கிட்டு இருக்கோம் சார்," என்றாள் தாய். தலை நிமிராமல்தான் சொன்னாள், இப்போது மகளின் கால் அவள் மடியில், கை அதில் வேலையாக இருந்தது. "முடிஞ்சதும் வருவோம்."

"முடிய வேண்டாம். உங்க இடத்துக்கு ஆள் வந்தாச்சு. நீங்க போங்கம்மா, படகுல ஏறுங்க!" என்று பின்னால் நின்றவர்களைக் கையால் தள்ளினான்.

இரண்டு பேர் படகை நோக்கி நடந்தார்கள். மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள். குட்டையான, கண்ணுக்குக் கீழே தழும்புள்ள ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்தாள். பொட்டலத்தின் காலைப் பார்த்தாள். வழுவழுவென்று ஒரே தோலாக இருந்தது அது. அப்புறம் நெட்டச்சியின் கணுக்காலில், பூட்ஸ் வாய்க்கு மேலே தெரிந்த நீல வளையத்தைப் பார்த்தாள்.

"எங்களுக்கும் அதே மாதிரிதான் இருக்கு," என்றாள் மெல்ல. "நாங்க கயித்தால கட்டறோம்."

"கட்டாதீங்க," என்றாள் நெட்டச்சி. "நேத்து கட்டினவ ஆஸ்பத்திரில இருக்கா."

"எதிர்ல அவங்க இடமா?"

"ஆமா. என் ஓரகத்தி."

விசில் இன்னொரு தடவை ஊதினான். காது வலித்தது. படகு இஞ்சின் உறுமியது. மிதவை மேடைக்குப் போக வேண்டிய பம்பு அண்ணன் படகு முனையில் ஏறாமல், குழாய்ச் சுருளைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

தழும்புக்காரி வாசல்படியில் கால் வைத்தாள். "நாங்க வேலைக்குத்தான் வந்தோம்," என்றாள். விசிலிடம் சொன்னாளா, பெஞ்சிடம் சொன்னாளா, தெரியவில்லை. உள்ளே வந்து காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவள் பூட்ஸிலிருந்து பழைய தண்ணீர் பலகையில் வழிந்தது.

"இது உனக்குக் குட்டையா இருக்கே," என்றாள்.

"ரெண்டு கையாலயும் இழுக்கணும்."

"காலைக் குடுக்கா."

நெட்டச்சி காலைத் தூக்கி அவள் மடியில் வைத்தாள். பழக்கமில்லாத கட்டைவிரல்கள் அழுத்தத் தொடங்கின.